பால் ஹன்டர் கிளாசிக்: ஃபியூர்த் நகரத்து புரோ-ஆம் எப்படி வளர்ந்தது, எப்படி நின்றது?

கேள்வி இதுதான்: "பால் ஹன்டர் கிளாசிக் என்பது அவர் இறந்த பிறகு அவர் நினைவாகத் தொடங்கிய போட்டியா? சிலர் அதை புரோ-ஆம் என்கிறார்கள், சிலர் தரவரிசைப் போட்டி என்கிறார்கள். எது சரி? இப்போது ஏன் அதைப் பற்றிப் பேச்சே இல்லை?"

முதல் பகுதிக்குப் பதில் சுலபம். அவர் நினைவாகத் தொடங்கியது அல்ல. அந்த ஸ்நூக்கர் போட்டி ஜெர்மனியின் ஃபியூர்த் நகரத்தில் 2004-இல் தொடங்கியது. முதல் ஆண்டில் கோப்பையை வாங்கியவரே இங்கிலாந்து வீரர் பால் ஹன்டர்தான். இறுதி ஆட்டத்தில் மாத்யூ ஸ்டீவன்ஸை 4-2 என்று வென்றார். அவர் பெயரைப் போட்டிக்கு வைத்தது 2007-இல். இரண்டாவது கேள்விக்கு, இரண்டு தரப்புமே சரி என்றுதான் சொல்ல வேண்டும். அது புரோ-ஆமாகப் பிறந்து, சிறு தரவரிசைப் போட்டியாகி (வென்றால் உலகத் தரவரிசையில் கணக்கில் சேரும் போட்டி), பிறகு முழுத் தரவரிசைப் போட்டியாகி, கடைசியில் 16 பேர் மட்டும் ஆடும் அழைப்புப் போட்டியாகச் சுருங்கியது. மூன்றாவது கேள்விக்குத்தான் நீண்ட பதில் வேண்டும். அதற்கு முதலிலிருந்து வர வேண்டும்.

புரோ-ஆம் என்றால் தொழில்முறை வீரர்களும் அமெச்சூர்களும் ஒரே போட்டிப் பட்டியலில் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடுவது. கோல்ஃபில் இந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. அங்கே ஒரு பிரபலமும் ஒரு புரோவும் ஜோடி சேர்ந்து பொழுதுபோக்காக ஆடுவார்கள். ஸ்நூக்கரில் அப்படி இல்லை. கிளப்பில் ஆடும் ஒருவர் நுழைவுக் கட்டணம் கட்டிப் பெயர் கொடுக்கிறார், சில சுற்றுகள் ஜெயித்தால் எதிரே உலகச் சாம்பியன் வந்து நிற்கலாம். பழைய புரோ-ஆம்களில் புரோக்கள் ஒவ்வொரு ஃப்ரேமிலும் (ஒரு ஆட்டம் பல ஃப்ரேம்கள் கொண்டது) அமெச்சூருக்குச் சில புள்ளிகளை முன்கூட்டியே கொடுத்துவிட்டு ஆடுவதும் உண்டு.

இந்த வகைக்குத் தாய்வீடு வடக்கு வேல்ஸில் கடற்கரை ஓரம் இருக்கும் பிரெஸ்டாட்டின். அங்கே பான்டின்ஸ் விடுமுறை முகாமில் 1974 முதல் வசந்த காலத்தில் ஒரு ஸ்நூக்கர் திருவிழா நடந்தது. குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்தவர்கள், கிளப் வீரர்கள், பெரிய புரோக்கள் என்று எல்லோரும் ஒரே முகாமில் இருப்பார்கள். 1978-இல் அங்கே ஓபன் போட்டியை வென்ற இளைஞர் ஸ்டீவ் டேவிஸ். இறுதியில் டோனி மியோவை 7-6 என்று வென்றார். அதே ஆண்டு தொழில்முறைக்கு மாறி, அடுத்த ஆண்டு மீண்டும் வந்து ஜிம்மி வைட்டை 7-3 என்று வென்று பட்டத்தைத் தக்கவைத்தார். எண்பதுகளில் ஸ்நூக்கரை ஆண்ட டேவிஸ் அடையாளம் காணப்பட்ட இடங்களில் அது ஒன்று. தொலைக்காட்சி விளக்குகள் இல்லாத இடத்தில் நாளைய சாம்பியனை முதலில் பார்த்துவிடலாம் என்பதே புரோ-ஆமின் கவர்ச்சி.

சரி, ஜெர்மனிக்கு வருவோம். அங்கே ஸ்நூக்கருக்குப் பெரிய பாரம்பரியம் கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் உலக ஸ்நூக்கர் அமைப்பு அங்கே ஒரு தரவரிசைப் போட்டியை நடத்திப் பார்த்தது. 1995-இல் பிராங்பர்ட்டில் ஜான் ஹிக்கின்ஸ், 1996-இல் ஓஸ்னாப்ரூக்கில் ரோனி ஓ'சல்லிவன், 1997-இல் பிங்கனில் மறுபடி ஹிக்கின்ஸ், 1998-இல் அதே பிங்கனில் ஜான் பேரட் என்று வென்றவர்கள் எல்லாம் பெரிய பெயர்கள். ஆனால் 1998-க்குப் பிறகு போட்டி இல்லை. வேடிக்கை என்னவென்றால், போட்டி போன பிறகுதான் ரசிகர்கள் பெருகினார்கள். யூரோஸ்போர்ட் தொலைக்காட்சி ஸ்நூக்கரை மணிக்கணக்கில் காட்டியது. ஜெர்மன் வர்ணனையாளர் ரோல்ஃப் கால்ப் நிதானமாக, விதிகளை விளக்கி விளக்கி, ஒரு தலைமுறைக்கே ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். பார்க்க ஆள் இருக்கிறது, நேரில் பார்க்கப் போட்டி இல்லை என்ற நிலை.

அந்த இடைவெளியில்தான் 2004 ஆகஸ்டில் ஃபியூர்த் வந்தது. பவேரியாவில் நியூரம்பெர்க்கை ஒட்டினாற்போல் இருக்கும் ஊர். ஜெர்மனியின் முதல் பயணிகள் ரயில் 1835-இல் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையேதான் ஓடியது. ஹென்றி கிசிஞ்சர் பிறந்த ஊரும் இதுதான். ஸ்நூக்கருக்கும் ஃபியூர்த்துக்கும் அதற்கு முன் பெரிய தொடர்பு ஒன்றுமில்லை. நகர மண்டபத்தில் மேசைகளைப் போட்டு புரோ-ஆம் நடத்தினார்கள், அவ்வளவுதான்.

பெரிய புரோக்கள் ஏன் அங்கே போனார்கள் என்று கேட்கலாம். ஸ்நூக்கரின் அன்றைய நிலையைப் பார்த்தால் புரியும். பிரிட்டனில் புகையிலை விளம்பரத் தடை வந்து, ஆட்டத்தைத் தூக்கி நிறுத்திய சிகரெட் கம்பெனிகள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டிருந்தன. 2004 மாஸ்டர்ஸ் போட்டி விளம்பரதாரரே இல்லாமல் நடந்தது. உலகச் சாம்பியன்ஷிப்பை நடத்திவந்த எம்பசி 2005-உடன் போனது. போட்டிகள் குறைந்து, 2009-10 பருவத்தில் தரவரிசைப் போட்டிகள் மொத்தமே ஆறு. ஆகஸ்ட் மாதத்தில் புரோக்களுக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. பருவம் தொடங்குமுன் கையைச் சூடாக்கிக்கொள்ள, நல்ல கூட்டத்தின் முன் ஆட ஃபியூர்த் ஒரு வாய்ப்பு. அதை மறந்துவிட்டுப் பார்த்தால் அந்தச் சிறிய போட்டியின் வெற்றியாளர் பட்டியல் நம்ப முடியாததாகத் தெரியும்.

2004-இல் ஹன்டருக்கு வயது 25. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்காரர். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் மூன்றாவது முறையாக மாஸ்டர்ஸ் வென்றிருந்தார். 2001, 2002, 2004 ஆகிய மூன்று இறுதி ஆட்டங்களும் 10-9 என்றே முடிந்தன. மூன்றிலும் அவர் பின்தங்கியிருந்துதான் வந்தார்: ஃபெர்கல் ஓ'பிரையனிடம் 2-6, மார்க் வில்லியம்ஸிடம் 0-5, ஓ'சல்லிவனிடம் 2-7. நீளமான பொன்னிறக் கூந்தல், எப்போதும் சிரித்த முகம். பத்திரிகைகள் அவரை ஸ்நூக்கரின் பெக்காம் என்று எழுதின. என் கணிப்பில், ஸ்டீவன்ஸுடன் அவர் ஆடிய ஃபியூர்த் இறுதி ஆட்டத்தின் சிறப்பு ஸ்கோரில் இல்லை. இருவரும் நெருங்கிய நண்பர்கள். ஆகஸ்ட் மாதத்து ஜெர்மன் மண்டபத்தில் தரவரிசைப் புள்ளி எதுவும் இல்லாமல் இரண்டு நண்பர்கள் ஆடிய ஆட்டம் அது. அதற்கு ஏழு மாதம் கழித்து, 2005 வசந்தத்தில், ஹன்டருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது.

அவர் சிகிச்சைக்கு இடையே ஆடிக்கொண்டேதான் இருந்தார். ஆடாவிட்டால் தரவரிசை சரிந்துவிடும் என்பது அன்றைய விதி. 2006 ஏப்ரலில் ஷெஃபீல்டின் குருசிபிள் அரங்கில் நீல் ராபர்ட்சனிடம் 5-10 என்று தோற்றது அவருடைய கடைசித் தொழில்முறை ஆட்டம். அடுத்த பருவம் முழுவதும் ஆடாமல் இருந்தாலும் அவருடைய 34-ஆம் இடத்தை அப்படியே வைத்திருப்பது என்று வீரர்கள் சங்கம் அந்தக் கோடையில் விதியை மாற்றியது. இவ்வளவு தாமதமாக மாற்றினார்களே என்று இன்றும் வருத்தப்படுகிறவர்களில் நானும் ஒருவன். ஃபியூர்த்தில் 2005-இல் ஹிக்கின்ஸும், 2006 ஆகஸ்டில் பேரி ஹாக்கின்ஸை 4-0 என்று வீழ்த்திய மைக்கேல் ஹோல்ட்டும் வென்றார்கள். 2006 அக்டோபர் 9 அன்று, 28-ஆவது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஹன்டர் காலமானார். ஒரு வயதுகூட நிரம்பாத மகள்.

2007-இல் ஃபியூர்த் போட்டி அவர் பெயரை எடுத்துக்கொண்டது. பெயர் சூட்டிய முதல் ஆண்டின் இறுதியில் நின்றவர்களில் ஒருவர் கென் டோஹர்ட்டி. 2003 உலகச் சாம்பியன்ஷிப் அரையிறுதியில் ஹன்டரிடம் 9-15 என்று பின்தங்கியிருந்து 17-16 என்று திருப்பி வென்றவர் அவர். ஹன்டர் உலகப் பட்டத்துக்கு மிக அருகில் வந்தது அந்த ஆட்டத்தில்தான். ஃபியூர்த்தில் டோஹர்ட்டி, நாரிச்சைச் சேர்ந்த பேரி பின்சஸிடம் 0-4 என்று தோற்றார். யாரும் எதிர்பார்த்த முடிவு அல்ல. ஏழு ஃப்ரேம் ஆட்டத்தில் அதுதான் விஷயம். குருசிபிளில் நடக்கும் உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் 18 ஃப்ரேம் வெல்ல வேண்டும். அங்கே திறமை மெல்ல மெல்ல மேலே வந்துவிடும். நான்கு ஃப்ரேமுக்கு முதலில் வந்தால் போதும் என்றால் ஒரு நல்ல மாலை யாரையும் சாம்பியனாக்கும்.

அடுத்த இரண்டு ஆண்டுகளும் ஷான் மர்ஃபிக்கு. 2008-இல் மார்க் செல்பியையும், 2009-இல் ஜிம்மி வைட்டையும் இரண்டு முறையும் 4-0 என்றே வென்றார். வைட்டுக்கு அப்போது 47 வயது. ஆறு உலக இறுதிகளிலும் தோற்றவர் என்பதால் எந்த ஊருக்குப் போனாலும் கூட்டம் அவர் பக்கம்தான்.

2010-தான் பெரிய திருப்பம். பேரி ஹெர்ன் தொழில்முறை ஸ்நூக்கரின் வணிக நிர்வாகத்தைக் கைப்பற்றினார். போட்டிகளே இல்லை என்ற குறையைத் தீர்க்க பிளேயர்ஸ் டூர் சாம்பியன்ஷிப் என்ற தொடரைத் தொடங்கினார், சுருக்கமாக பிடிசி. முதல் பருவத்தில் பன்னிரண்டு போட்டிகள். ஆறு ஷெஃபீல்டு அகாடமியில், மற்ற ஆறு ஐரோப்பியத் தொடர் என்ற பெயரில். ஐரோப்பியப் பகுதியைத் தொடங்கிவைத்தது ஃபியூர்த். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் ஹெர்னுக்கு இருக்கவில்லை. குறுகிய ஆட்டங்கள், ஒரே மண்டபத்தில் பல மேசைகள், வார இறுதியில் முடிந்துவிடும் அட்டவணை, அமெச்சூருக்குத் திறந்த கதவு: பிடிசியின் வடிவம் என்று சொல்லப்பட்டதெல்லாம் புரோ-ஆமின் வடிவம்தான். மேலே தரவரிசைப் புள்ளி என்ற ஒன்றைச் சேர்த்தார்கள். அன்றைய கணக்கில் உலகச் சாம்பியனுக்கு 10,000 புள்ளி, பிடிசி வெற்றியாளருக்கு 2,000.

அந்த முதல் பிடிசி ஃபியூர்த்தை வென்றவர், 21 வயது நிரம்பிச் சில நாட்களே ஆகியிருந்த ஜட் டிரம்ப். அந்தோணி ஹாமில்டனை 4-3 என்று வென்றார். அடுத்த வசந்தத்தில் சைனா ஓபன் வென்று, உலகச் சாம்பியன்ஷிப் இறுதிவரை போய், ஹிக்கின்ஸிடம் 15-18 என்று தோற்றபோது உலகமே அவரைத் திடீர் நட்சத்திரம் என்றது. ஃபியூர்த்தில் இருந்தவர்களுக்கு அதில் 'திடீர்' எதுவும் இருந்திருக்காது. பிரெஸ்டாட்டினில் 1978-இல் டேவிஸைப் பார்த்தவர்கள் கதையே திரும்பவும்.

அதற்குப் பிறகு 2015 வரையான ஆண்டுகளை இந்தப் போட்டியின் பொற்காலம் என்று நான் தயங்காமல் சொல்வேன். செல்பி 2011-இல் மார்க் டேவிஸையும், 2012-இல் ஜோ ஸ்வெயிலையும் வென்றார். 2013-இல் ஓ'சல்லிவன் வந்தார். முந்தைய பருவம் முழுக்க ஏறக்குறைய ஆடாமல் இருந்துவிட்டு, அந்த மே மாதம் உலகப் பட்டத்தைத் தக்கவைத்திருந்த நேரம் அது. வட அயர்லாந்தின் ஜெரார்ட் கிரீனை 4-0 என்று முடித்தார். 2014-இல் மார்க் ஆலன், இறுதியில் டிரம்ப்பை 4-2 என்று வென்றார்.

அந்த 2014 போட்டியில் இந்தியர்கள் நினைவில் வைக்க வேண்டிய ஒன்று நடந்தது. மும்பையைச் சேர்ந்த ஆதித்ய மேத்தா, ஸ்டீஃபன் மகுவயருக்கு எதிராக 147 அடித்தார், மேசையை ஒரே தடவையில் காலி செய்து எடுக்கக்கூடிய உச்சப் புள்ளி அது. பதினைந்து சிவப்புக்கும் ஒவ்வொரு முறையும் கறுப்பு, பிறகு ஆறு வண்ணப் பந்துகள். ஒரே மூச்சில், ஒரு தவறும் இல்லாமல். தொழில்முறைப் போட்டியில் 147 அடித்த முதல் இந்தியர் அவர். அதற்கு முந்தைய ஆண்டுதான் டெல்லியில் நடந்த இந்தியன் ஓபனில் இறுதிவரை போய் டிங் ஜுன்ஹுயிடம் தோற்றிருந்தார். தரவரிசைப் போட்டி ஒன்றின் இறுதிக்குப் போன முதல் இந்தியரும் அவர்தான். நம் ஊர்ப் பத்திரிகைகளில் இந்த 147-க்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. கிரிக்கெட்டில் யாராவது தலைவலி என்று பயிற்சிக்கு வராவிட்டால் அதைவிடப் பெரிய செய்தி வரும்.

2015 வெற்றி வேறு விதத்தில் முக்கியம். அலி கார்ட்டர், மர்ஃபியை 4-3 என்று வென்றார். கார்ட்டருக்கு 2013-இல் விதைப்பைப் புற்றுநோய், 2014-இல் நுரையீரலில் புற்றுநோய். இரண்டையும் தாண்டி மேசைக்குத் திரும்பியவர், புற்றுநோயில் இறந்த ஒரு சக வீரரின் பெயர் தாங்கிய கோப்பையைத் தூக்கினார். ஹன்டருக்கு 34-ஆம் இடத்தைக் காத்துக்கொடுக்கத் தடுமாறிய அதே சங்கம், கார்ட்டருக்கு நோய்க்காலத்தில் தரவரிசைப் பாதுகாப்பு கொடுத்திருந்தது. ஹன்டர் விஷயத்தில் கற்ற பாடம் என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

இந்த ஆறு ஆண்டுகளில் அமெச்சூர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேள்வியின் நடுவில் இருப்பது அதுதான். அமெச்சூர்கள் முதலில் பூர்வாங்கச் சுற்றுகளை ஆடுவார்கள். அதில் தேறியவர்கள் முதன்மைச் சுற்றில் புரோக்களோடு சேர்வார்கள். தோற்றால் பயணச் செலவு கையிலிருந்து. ஜெயித்தால் பரிசுப் பணம் மட்டும் அல்ல. பிடிசி தனிப்பட்டியலில் மேலே வந்த, ஏற்கெனவே தகுதி பெறாத எட்டுப் பேருக்கு அடுத்த பருவத் தொழில்முறைச் சுற்றில் இடம் கிடைக்கும். அதாவது வார இறுதி ஆட்டங்கள் வழியாகவே ஒருவர் புரோ ஆகிவிடலாம். ஐரோப்பாவில் இருப்பவருக்கு இங்கிலாந்துக்குப் போய் வாரக்கணக்கில் தங்க வேண்டிய அவசியம் குறைந்தது. பிடிசி ஒழிக்கப்பட்டபோது நான் வருந்தியது இந்தக் கதவுக்காகத்தான்.

2016-இல் பிடிசி முடிந்தது. ஹெர்ன் பெரிய பரிசு, பெரிய அரங்கு, சீனச் சந்தை என்று நகர்ந்துவிட்டார். ஃபியூர்த்தைக் கைவிடாமல் முழுத் தரவரிசைப் போட்டியாக உயர்த்தினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வெற்றியாளருக்கு 20,000 பவுண்டுதான். அதே 2016-இல் உலகச் சாம்பியன் வாங்கியது 330,000. தரவரிசையே பரிசுப் பணக் கணக்கில் ஓடும் காலத்தில் அந்த 20,000-க்காக ஆகஸ்ட் வார இறுதியை விட வேண்டுமா என்று மேல்வரிசை வீரர்கள் யோசித்தார்கள். 2004-இல் அவர்களை அங்கே இழுத்து வந்த காலி நாட்காட்டி இப்போது இல்லை.

ஆட்டங்கள் என்னவோ நன்றாகவே இருந்தன. 2016-இல் உலகச் சாம்பியனாக வந்த செல்பி, தன் லெஸ்டர் நகரத்து டாம் ஃபோர்டை 4-2 என்று வென்று மூன்றாவது முறை கோப்பையை எடுத்தார். வேறு யாரும் அதை மூன்று முறை வென்றதில்லை. 2017-இல் மைக்கேல் வைட், மர்ஃபியை 4-2 என்று வென்றார். மர்ஃபிக்கு அது ஃபியூர்த்தில் நான்காவது இறுதி. 2018-இல் கைரன் வில்சன், பீட்டர் எப்டனை 4-2 என்று வென்றார். எப்டனுக்கு மறுநாள் 48-ஆவது பிறந்தநாள். 2002-இல் உலகச் சாம்பியனான ஒருவர் பதினாறு ஆண்டு கழித்து ஒரு தரவரிசை இறுதியில் நிற்பதை மற்ற பெரிய போட்டிகளில் எளிதில் பார்க்க முடியாது.

2019-இல் தரவரிசை அந்தஸ்து போனது. 16 பேரை அழைத்து இரண்டு நாளில் முடித்தார்கள். ஹாக்கின்ஸ், முந்தைய ஆண்டுச் சாம்பியன் வில்சனை 4-3 என்று வென்றார். 2006-இல் ஹோல்ட்டிடம் இறுதியில் தோற்ற அதே ஹாக்கின்ஸ். 2020-இல் கொரோனா வந்து போட்டியை ரத்து செய்ய வைத்தது.

எல்லோரும் கொரோனாவைத்தான் காரணம் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போட்டியின் உயிர் 2019-இலேயே பாதி போய்விட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், அதில் பலர் அமெச்சூர்கள், ஒரே மண்டபத்தில் ஆடியதுதான் ஃபியூர்த். அழைக்கப்பட்ட 16 புரோக்கள் ஆடும் காட்சிப் போட்டியை எந்த ஊரிலும் நடத்தலாம். ஜெர்மன் ரசிகருக்கும் 2011 முதல் பெர்லினின் டெம்போடிரோம் அரங்கில் ஜெர்மன் மாஸ்டர்ஸ் இருக்கிறது. ஸ்நூக்கர் பார்க்க ஃபியூர்த் போயாக வேண்டிய கட்டாயம் இல்லை. புரோ-ஆமாகவே, தரவரிசை ஆசை இல்லாமல், ஆகஸ்ட் மாதத்தில் அடக்கமாக நடத்தியிருந்தால் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் என்பது என் எண்ணம். மேலே தூக்கியவர்களே அதைத் தாங்கும் பணத்தைப் போடவில்லை.

ஹன்டரின் பெயர் எங்கே போயிற்று என்று கேட்டால், லண்டன் மாஸ்டர்ஸுக்கு. அவர் மூன்று முறை வென்ற அந்தக் கோப்பைக்கு பால் ஹன்டர் கோப்பை என்று 2016-இல் பெயர் சூட்டினார்கள். அவர் இறந்தவுடனே அதைச் செய்திருக்க வேண்டும் என்று பல வீரர்கள் வெளிப்படையாகவே சொல்லிவந்தார்கள். ஆக, நீங்கள் இப்போது தொலைக்காட்சியில் பால் ஹன்டர் கோப்பை என்று கேட்டால் அது ஜனவரியில் நடக்கும் மாஸ்டர்ஸ். பால் ஹன்டர் கிளாசிக் என்று பழைய பதிவுகளில் பார்த்தால் அது ஃபியூர்த். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.